சாலையில் போலீஸ் பார்க்க வேண்டிய கடிகாரம்: ஆபத்தான ஓட்டுநர் முதல் கவிழ்ந்த டேங்கர் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

சில வருடங்களுக்கு முன் எங்கள் ஊர் நீதிமன்றத்தில் ஒரு குடிபோதை வழக்கு. கார் ஓட்டியவர் நன்றாகவே குடித்திருந்தார். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை, அவருக்கே இல்லை. ஆனால் மூச்சை ஊதவைத்து ஆல்கஹாலை அளக்கும் கருவியின் சீட்டில் நேரம் 21.40. கைதுக் குறிப்பில் 22.15. அரசு மருத்துவர் கொடுத்த சான்றில் 21.30. “இவர் ஊதுவதற்குப் பத்து நிமிடம் முன்பே மருத்துவர் பார்த்துவிட்டாரா?” என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார். சாட்சிக் கூண்டில் நின்ற எஸ்.எஸ்.ஐ. (சிறப்பு உதவி ஆய்வாளர்) மேலே ஓடிய மின்விசிறியைப் பார்த்தார். வழக்கு அங்கேயே முடிந்தது.

விபத்து வழக்குகளோடு பல வருடம் பழகிய வக்கீல் நான். சாலையில் போலீஸ் செய்யும் வேலையை நாம் லத்தி, விசில், பேரிகார்டு என்று நினைத்துக்கொள்கிறோம். நீதிமன்றத்தில் வந்து நிற்பது காகிதமும் அதில் எழுதிய நேரமும்தான். 2 மணி, 24 மணி, 48 மணி, 15 நாள், 90 நாள் என்று ஒவ்வொரு வேலைக்கும் சட்டம் ஒரு கெடு வைத்திருக்கிறது. வண்டி ஓட்டும் எவரும் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. தப்பிப்பதற்காகச் சொல்லவில்லை. உங்கள் வீட்டு ஆள் அடிபட்டுக் கிடக்கும் அன்று இதே கெடுக்கள்தான் உங்களுக்குக் கை கொடுக்கும்.

இங்கே சொல்வது 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தையும், அதில் 2019-ல் வந்த திருத்தங்களையும், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவையும் வைத்து. நடைமுறை விவரங்கள் தமிழ்நாட்டுச் சாலைகளை வைத்து.

படி 1: ஆபத்தைப் பார்த்தவர் முதலில் செய்ய வேண்டியது

முன்னால் ஒரு லாரி கோணல்மாணலாகப் போகிறது. அல்லது நான்குவழிச் சாலையில் ஒரு கார் எதிர்த்திசையில் வருகிறது. பின்தொடர்ந்து போய் ‘லைவ்’ எடுக்க வேண்டாம். வேகத்தைக் குறைத்து, இடைவெளி விட்டு, பக்கத்தில் இருப்பவரை 112-க்குப் பேசச் சொல்லுங்கள். பழைய 100-ம் வேலை செய்யும். தேசிய நெடுஞ்சாலையில் வண்டி பழுது, விபத்து, சாலையில் கிடக்கும் பொருள் என்றால் 1033. அடிபட்டவர் இருந்தால் முதலில் 108, மற்றதெல்லாம் அப்புறம்.

கட்டுப்பாட்டு அறைக்கு வேண்டியது நான்கே விஷயம்: வண்டி எண், நிறமும் வகையும், எந்தத் திசையில் போகிறது, எங்கே. இந்த ‘எங்கே’வில்தான் முக்கால்வாசிப் பேர் தடுமாறுகிறார்கள். “விழுப்புரம் தாண்டி ஒரு டீக்கடை பக்கத்துல” என்றால் ரோந்து வண்டி எந்த டீக்கடைக்குப் போகும்? சாலையோரக் கிலோமீட்டர் கல்லைப் பாருங்கள். தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை. கல்லில் இருக்கும் எண்ணையும், “திருச்சி போகும் பக்கம்”, “சென்னை போகும் பக்கம்” என்பதையும் சேர்த்துச் சொன்னால் போதும். நடுவில் தடுப்பு இருக்கும் சாலையில் பக்கம் தவறினால் ரோந்து வண்டி அடுத்த திருப்பம் வரை போய்ச் சுற்றி வர வேண்டும்.

நீங்கள் பேசியதும் அழைப்பு பதிவாகிறது, அதில் நேரமும் விழுகிறது. வழக்கின் முதல் கடிகாரம் இதுதான். பிறகு எஃப்.ஐ.ஆரில் “தகவல் கிடைத்த நேரம்” என்று ஏதோ எழுதியிருந்தால், அதை ஒத்துப்பார்க்க உங்கள் கைப்பேசியின் அழைப்புப் பட்டியல் இருக்கிறது. அழிக்காதீர்கள். டேஷ்கேம் காட்சி இருந்தால் மூலக் கோப்பை அப்படியே வைத்திருங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய நகல் சுருங்கி, தேதி விவரம் போய்விடும். நீதிமன்றம் மின்னணுச் சான்றுக்கு பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவுப்படி ஒரு சான்றிதழும் கேட்கும்.

படி 2: வண்டியை நிறுத்துவது

தகவல் வந்ததும் பின்னால் துரத்திப் போவது நல்ல போலீஸ் வேலை அல்ல. ‘மைக்’ என்று அவர்கள் சொல்லும் ஒயர்லெஸ்ஸில் முன்னால் இருக்கும் ரோந்து வண்டிக்கோ, டோல்கேட்டுக்கோ, சோதனைச் சாவடிக்கோ சொல்லி, அங்கே வேகத்தைக் குறைக்க வைத்து மடக்குவதுதான் முறை. பேரிகார்டுகளை மாற்றி மாற்றிக் குறுக்கே வைப்பது அதற்காகத்தான். நேரே வந்த வண்டி தானாக வேகம் குறையும்.

அந்த பேரிகார்டை வைக்கும் இடத்திலும் ஒரு முறை உண்டு. வளைவு முடிந்த உடனே, பாலத்தின் இறக்கத்தில், விளக்கில்லாத இடத்தில் வைக்கக்கூடாது. நிறுத்தும் காவலர் ஒளிரும் சட்டை போட்டிருக்க வேண்டும், கையில் சிவப்பு விளக்குத் தடி வேண்டும், நிறுத்திய வண்டி சாலையை விட்டு ஓரம் போக இடம் வேண்டும். இருட்டில் மரத்தின் பின்னாலிருந்து திடீரென்று ஒருவர் பைக்கின் குறுக்கே பாய்ந்தால், சாலையில் புதிதாக முளைத்த ஆபத்து அவர்தான்.

துரத்தினால் என்ன ஆகும் என்பதற்கு 2018 மார்ச்சில் திருச்சி துவாக்குடி அருகே நடந்ததை யாரும் மறக்கவில்லை. ஹெல்மெட் சோதனையில் நிற்காமல் போன பைக்கைப் பின்தொடர்ந்து போய் உதைத்ததாக ஓர் ஆய்வாளர் கைதானார். பைக்கின் பின்னால் உட்கார்ந்திருந்த பெண் உயிரிழந்தார். அடுத்த வருடம், 2019-ல், ஹெல்மெட் போடாதவர்களைத் துரத்திப் பிடிக்க வேண்டாம், கேமராவைப் பயன்படுத்துங்கள் என்று கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. வண்டி எண் தெரிந்துவிட்டால் சட்டத்தின் 133-வது பிரிவில் உரிமையாளரைக் கேட்கலாம். ஓட்டியது யார் என்று சொல்ல வேண்டியது அவர் கடமை. அப்படியிருக்க உயிரைப் பணயம் வைத்துத் துரத்துவதற்கு என்ன அவசியம்?

நிறுத்திவிட்டால் உங்கள் வேலை: ஓரம் கட்டுங்கள், எஞ்சினை அணையுங்கள், இரவென்றால் உள்விளக்கைப் போடுங்கள். சீருடையில் இருக்கும் எந்தக் காவலரும் ஓட்டுநர் உரிமத்தைக் கேட்கலாம். டிஜிலாக்கரிலோ எம்பரிவாகனிலோ இருக்கும் மின்னணு ஆவணம் செல்லும். சாவியைப் பிடுங்கும் அதிகாரம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் தனியாக ஒரு வரியும் இல்லை. ஆனால் கைதாகும் ஓட்டுநரின் வண்டியைப் பத்திரப்படுத்த 202-வது பிரிவின் மூன்றாம் உட்பிரிவு போலீசுக்கு அதிகாரம் தருகிறது. ஆகவே குடித்தவரிடமிருந்து சாவியை வாங்குவதும், ஹெல்மெட் போடாத கல்லூரிப் பையனின் சாவியை உருவுவதும் ஒன்றல்ல.

படி 3: ‘ஆபத்தாக ஓட்டுதல்’ எது என்று முடிவு செய்வது

வேகமாகப் போனால் 183-வது பிரிவு. காருக்கு 1,000 முதல் 2,000 ரூபாய், பஸ் லாரிக்கு 2,000 முதல் 4,000 வரை. ஆபத்தாக ஓட்டினால் 184. இரண்டும் வேறு. சிவப்பு விளக்கைத் தாண்டுவது, நிறுத்தப் பலகையை மீறுவது, கையில் போன் பிடித்து ஓட்டுவது, விதிக்குப் புறம்பாக முந்துவது, ‘ராங் சைடு’ வருவது, கவனமான ஓட்டுநர் எவரும் செய்யத் துணியாதபடி ஓட்டுவது ஆகிய எல்லாவற்றையும் 2019 திருத்தம் 184-க்குள் கொண்டுவந்தது. முதல் தடவை ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மூன்று வருடத்துக்குள் மறுபடி மாட்டினால் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய், அல்லது இரண்டும்.

இதில் பிடி வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம். இரண்டு நிபந்தனை உண்டு: காவலர் சீருடையில் இருக்க வேண்டும், குற்றம் அவர் கண் முன் நடந்திருக்க வேண்டும். யாரோ சொன்னார்கள் என்று 184-ல் கைது செய்ய 202-வது பிரிவு இடம் தரவில்லை. பெயரும் முகவரியும் சொல்ல மறுப்பவரையும் கைது செய்யலாம். ஆகவே கோபத்தில்கூட பெயரைச் சொல்ல மறுக்காதீர்கள். அபராதத்தோடு முடிய வேண்டியதை ஸ்டேஷன் வரை இழுத்துப்போகும் வாய் அது.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. எந்தக் குற்றத்துக்கு அங்கேயே பணம் கட்டி முடிக்கலாம் என்று 200-வது பிரிவில் ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் 184 முழுவதும் இல்லை, கையில் போன் பிடித்து ஓட்டியதற்கு மட்டும்தான். குடித்துவிட்டு ஓட்டும் 185 அந்தப் பட்டியலில் கிடையவே கிடையாது, அது நீதிமன்றத்துக்குப் போக வேண்டிய வழக்கு. “ஐயாயிரம் குடுத்துட்டுப் போங்க சார்” என்று யாராவது சொன்னால் அந்தப் பணத்துக்கு ரசீது வராது, வழக்கும் முடியாது.

அதோடு 206-வது பிரிவின் நான்காம் உட்பிரிவு. வேகம், ஆபத்தாக ஓட்டுதல், குடிபோதை, பந்தயம், ஹெல்மெட் இல்லாமை, ஆம்புலன்சுக்கு வழிவிடாமை போன்றவற்றில் உரிமத்தைக் கைப்பற்றி ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்பலாம். உரிமத்தை ரத்து செய்வதோ தற்காலிகமாக நிறுத்துவதோ ஆர்.டி.ஓ. வேலை, போலீஸ் வேலை அல்ல. கைப்பற்றினால் எழுத்தில் ஒப்புகை தர வேண்டும். கேட்டு வாங்குங்கள்.

படி 4: ஊதச் சொன்னால்

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், அதிகக் குழப்பம் இங்கேதான். சட்ட வரம்பு 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால். அதைத் தாண்டினால் 185. முதல் தடவை ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய், அல்லது இரண்டும். மறுபடி என்றால் இரண்டு வருடம் வரை, அல்லது 15,000, அல்லது இரண்டும்.

முதலில் சந்தேகத்துக்கு ஒரு காரணம் வேண்டும். வாடை, பேச்சுக் குழறல், தள்ளாட்டம், வண்டி போன போக்கு. அப்புறம் கருவி. பிளாஸ்டிக் குழாயைப் புதிதாகப் பிரித்து உங்கள் முன்னால் மாட்ட வேண்டும். முந்தைய ஆள் ஊதிய குழாயை நீட்டினால் மரியாதையாக மறுக்கலாம். தொடர்ந்து ஒரே மூச்சாக ஊத வேண்டும், விட்டு விட்டு ஊதினால் கருவி ஏற்காது. அளவு, தேதி, நேரம், வரிசை எண் ஆகியவை சீட்டில் வரும். அதில் உங்கள் கையெழுத்து கேட்பார்கள். கையெழுத்துக்கு முன் அந்த நேரத்தை உங்கள் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நான் முதலில் சொன்ன வழக்கில் இதை யாராவது அன்றைக்கே செய்திருந்தால், போலீஸ் கருவியைச் சரிசெய்திருக்கும், வழக்கும் பிழைத்திருக்கும்.

மவுத்வாஷ், சில இருமல் மருந்துகள் ஆகியவற்றால் வாயில் தங்கும் ஆல்கஹாலும் அளவைக் காட்டும். ஆனால் பதினைந்து நிமிடத்தில் அது மறைந்துவிடும். அப்படி ஏதாவது எடுத்திருந்தால் உடனே சொல்லி, சற்று நேரம் கழித்து மறுபடி ஊதவைக்கக் கேளுங்கள். கைதான பிறகு ஸ்டேஷனில் வைத்து மறுபடி ஊத வாய்ப்பு தர வேண்டும் என்று 203-வது பிரிவே சொல்கிறது. பீர் ஒன்றுதான் குடித்தேன் என்பது எந்த வாதமும் அல்ல. 30 மில்லிகிராம் என்பது பலர் நினைப்பதைவிடச் சின்ன அளவு.

ஊத மறுத்தால்? சந்தேகத்துக்குக் காரணம் இருந்தால் அதற்கே கைது செய்யலாம். அப்புறம் 204-வது பிரிவில் பதிவு பெற்ற மருத்துவர் மூலம் இரத்த மாதிரி. பெண் என்றால் இன்னொரு பெண் உடனிருக்க வேண்டும். மறுத்தது நீதிமன்றத்தில் உங்களுக்கு எதிராகவே போகும், 205-வது பிரிவு அதற்குத்தான் இருக்கிறது. விபத்தில் அடிபட்டு மருத்துவமனையில் உள்நோயாளியாக இருப்பவரை, சிகிச்சை தரும் மருத்துவர் ஆட்சேபித்தால் ஊதவைக்க முடியாது. அந்தப் படுக்கையிலிருந்து இதற்காகக் கைது செய்யவும் முடியாது.

இனி கடிகாரம். 185-ல் கைதானவரை இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் காவலிலிருந்து விட்டாக வேண்டும். விட்டுவிட்டார்கள் என்பதால் வழக்கு தானாக விழாது, ஆனால் அதன் எலும்பு முறிந்துவிடும். இரவு பத்து மணிக்கு அரசு மருத்துவமனை கேஷுவாலிட்டியில் ஒரே ஒரு டூட்டி டாக்டர் இருப்பார். அவர் முன்னால் விஷம் குடித்தவர், பாம்பு கடித்தவர், பிரசவ வலி. இந்த வரிசையில் ஒரு ஏட்டு தள்ளாடும் ஆளோடு நின்றுகொண்டு, வாட்சையும் டாக்டரையும் மாறி மாறிப் பார்ப்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். கெட்டிக்காரர் என்றால் உள்ளே நுழைந்த நேரத்தையே பதிவேட்டில் எழுதவைத்துவிடுவார்.

பெண் ஓட்டுநரை சூரியன் மறைந்த பிறகும் உதிப்பதற்கு முன்னும் கைது செய்வது விதிவிலக்கான சூழலில் மட்டுமே, அதுவும் பெண் அதிகாரி மூலம். வண்டியை எடுத்துப்போக, குடிக்காத, உரிமம் உள்ள ஒருவரை வரவழைப்பது நடைமுறை. வண்டியில் குழந்தை இருந்தால் அதை முதலில் சொல்லுங்கள்.

படி 5: விபத்து நடந்த இடம்

முதல் ரோந்து வண்டி வந்ததும் அடிபட்டவரிடம் ஓடுவதற்கு முன் ஒரு விஷயத்தைச் செய்தாக வேண்டும், கேட்க இரக்கமில்லாததுபோல் இருந்தாலும். வருகிற போக்குவரத்தைத் தடுப்பது. 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு வினாடிக்கு 28 மீட்டர் கடக்கும். ஓட்டுநர் பார்த்து, புரிந்து, காலை பிரேக்கில் வைப்பதற்குள் ஐம்பது மீட்டர் போய்விடும். நான்கு அடி தள்ளி ஒரு மரக்கிளையை ஒடித்துப் போட்டுவிட்டு அடிபட்டவரைச் சுற்றி முப்பது பேர் நிற்பது நம் ஊர் வழக்கம். இரண்டாவது விபத்து அந்த முப்பது பேர் மேல்தான் நடக்கும். ரோந்து வண்டி விபத்துக்குப் பின்னால், சுழலும் விளக்கோடு, சற்றுச் சாய்வாக நிற்க வேண்டும். அதற்கும் வெகுதூரம் முன்னாலிருந்து கூம்புகள் சாய்கோட்டில் வர வேண்டும். போலீஸ் வரும்வரை நீங்கள் செய்யக்கூடியது: ஹசார்டு விளக்கு, முக்கோண எச்சரிக்கைப் பலகை, கூட்டத்தைத் தடுப்புக்கு அப்பால் தள்ளுவது.

அப்புறம் உயிர். அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வது ஓட்டுநரின் சட்டக் கடமை, 134-வது பிரிவு. கூட்டம் அடிக்க வரும் என்ற நிலையில் அதிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் அப்போதும் பக்கத்து ஸ்டேஷனுக்குச் சீக்கிரம் போய்ச் சொல்லிவிட வேண்டும், அதிகபட்சம் 24 மணி நேரத்துக்குள். உதவி செய்த மூன்றாம் மனிதருக்கு 134ஏ பாதுகாப்பு தருகிறது. பெயர் சொல்லக் கட்டாயமில்லை, மருத்துவமனையில் பிடித்துவைக்கக்கூடாது, சாட்சியாக வர அவரே ஒத்துக்கொண்டால்தான் விசாரணை. போலீஸ் தொல்லைக்குப் பயந்து தூக்காமல் போன காலம் இனி வேண்டியதில்லை.

செலவைப் பற்றி ஒரு வரி: 2025 மே 5 முதல் நாடு முழுவதும் விபத்தில் அடிபட்டவருக்கு ஏழு நாள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டில் அதற்கு முன்பே, 2021 டிசம்பரில், ‘நம்மைக் காக்கும் 48’ வந்துவிட்டது. முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு. எந்த மாநிலத்துக்காரர் என்று கேட்கமாட்டார்கள்.

உயிரைக் கவனித்த பிறகுதான் தடயம். வண்டிகளை நகர்த்துவதற்கு முன் டயர்களின் இடத்தைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு. நான்கு பக்கமும் படம். அப்புறம் டேப். ஒரு முனையை ஏட்டு சாலையோர மின்கம்பத்தில் வைத்துப் பிடிப்பார், கம்பத்தின் எண்ணை ரைட்டர் குறித்துக்கொள்வார். மறுமுனை பிரேக் போட்ட தடத்தின் தொடக்கத்துக்கு, பின் முடிவுக்கு, பின் உடைந்த கண்ணாடிச் சில்லுகளுக்கு. நகராத ஒரு பொருளிலிருந்து அளப்பதுதான் விஷயம். லாரி நாளைக்கு அங்கே இருக்காது, கம்பம் இருக்கும். இதிலிருந்து வருவதுதான் ‘ரஃப் ஸ்கெட்ச்’ என்னும் மாதிரி வரைபடம். கூடவே பார்வை மகஜர், அதாவது இடத்தில் கண்டதை எழுதிய குறிப்பு, இரண்டு சாட்சிகளின் கையெழுத்தோடு. வடக்குத் திசை காட்டும் அம்புக்குறி தலைகீழாகப் போன வரைபடத்தை ஒரு வழக்கில் பார்த்தேன். அதன்படி பஸ் வயலிலிருந்து சாலைக்கு வந்து மோதியிருந்தது.

சம்பவ விவரம் ‘ஐராட்’ என்ற விபத்துப் பதிவுச் செயலியிலும் பதிவாகும். ஐ.ஐ.டி. மெட்ராஸ் வடிவமைத்து, தேசியத் தகவலியல் மையம் செயல்படுத்தியது. அங்கே நின்றபடியே இடத்தின் ஜி.பி.எஸ். எண்கள், படங்கள் ஏறிவிடும். ஸ்டேஷனில் உட்கார்ந்து எழுதியதா, இடத்தில் எழுதியதா என்பது இப்போது தெரிந்துவிடுகிறது.

படி 6: ஓட்டுநரே இல்லாத ஆபத்துகள்

சாலையில் கொட்டிய ஆயிலுக்கு மணலோ மரத்தூளோ. விழுந்த மரத்துக்குத் தீயணைப்புத் துறை. அறுந்த மின்கம்பிக்கு 94987 94987 என்ற மின்னகம் எண், இணைப்பைத் துண்டித்துவிட்டோம் என்று மின்வாரியம் சொல்லும்வரை போலீசும் கிட்டே போகக்கூடாது, நீங்களும் கூடாது. மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீரில் கம்பி கிடந்தால் தண்ணீர் முழுக்கவே ஆபத்து.

கவிழ்ந்த டேங்கர் தனிக் கதை. 2025 ஜனவரி 3 அதிகாலை கோவை அவிநாசி சாலை மேம்பாலத்தில் சமையல் எரிவாயு டேங்கர் கவிழ்ந்தது நினைவிருக்கலாம். போக்குவரத்தைத் திருப்பி, சுற்றியிருந்த பள்ளிகளுக்கு விடுமுறை விட்டு, பல மணி நேரம் தண்ணீர் பீய்ச்சி, கசிவை அடைத்து, பிறகுதான் வண்டியைத் தூக்கினார்கள். இதில் முதலில் வரும் காவலர் பார்க்க வேண்டியது டேங்கரின் பக்கவாட்டில் இருக்கும் எச்சரிக்கைப் பலகை. அதில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 1075 என்றால் எரிவாயு, 1203 பெட்ரோல், 1202 டீசல். அந்த எண்ணை மைக்கில் சொன்னால் போதும், என்ன கொண்டுவர வேண்டும் என்று தீயணைப்புத் துறைக்குத் தெரியும். எரிவாயு காற்றைவிடக் கனம். மேலே போய்விடாது. பள்ளத்திலும் சாக்கடையிலும் இறங்கித் தேங்கும். ஆகவே காற்று வரும் பக்கத்திலிருந்துதான் அணுக வேண்டும், தாழ்வான இடத்தில் நிற்கக்கூடாது. சுற்றியிருக்கும் வண்டிகளை ‘எடுங்க எடுங்க’ என்று கிளப்பச் சொல்வது தவறு. ஒரு ஸ்டார்ட்டர் பொறி போதும். இறங்கி நடந்து போகச் சொல்வதுதான் சரி. பெட்ரோல் டேங்கர் கவிழ்ந்தால் குடத்தோடு ஓடிவரும் கூட்டத்தை விரட்டுவது மரியாதைக்குறைவு இல்லை, அதைவிடப் பெரிய உபகாரம் இல்லை.

பழுதாகி நிற்கும் லாரியில்தான் நெடுஞ்சாலையில் இரவில் அதிகம் பேர் மோதுகிறார்கள் என்று எனக்குத் தோன்றும், என்னிடம் வரும் வழக்குகளை வைத்துச் சொல்கிறேன். பின்விளக்கு எரியாது, மூன்று கல்லை அடுக்கிவைத்து ஒரு தழையைச் செருகியிருப்பார்கள். 127-வது பிரிவு இதற்கென்றே இருக்கிறது. பத்து மணி நேரத்துக்கு மேல் கேட்பாரற்று நின்றால் சீருடைக் காவலர் இழுத்துப்போகச் சொல்லலாம். போக்குவரத்துக்கு ஆபத்தாக நின்றால் பத்து மணி நேரம் காத்திருக்கவே வேண்டாம், உடனே. இழுக்கும் செலவு வண்டிக்காரருடையது.

சாலையில் நெல், கேழ்வரகு, எள் காயவைப்பது, ஜல்லியைக் கொட்டிவைப்பது, குறுக்கே பந்தல் போடுவது எல்லாம் நியாய சன்ஹிதாவின் 285-வது பிரிவில் வரும், 5,000 ரூபாய் வரை அபராதம். எந்த இன்ஸ்பெக்டரும் அறுவடைக் காலத்தில் விவசாயி மேல் இதைப் போடத் தயங்குவார், அது புரிகிறது. ஆனால் இரவில் நெல்லைச் சுற்றி வரம்பாக அடுக்கும் கருங்கற்களை அகற்றச் சொல்லவாவது வேண்டும்.

குழியைப் போலீஸ் மூடாது. சிலர் தாங்களே மண் கொட்டி மூடுகிறார்கள், அது அவர்கள் நல்ல மனம். முறைப்படி நெடுஞ்சாலைத் துறைக்கு எழுத வேண்டும். நீங்களும் ‘நம்ம சாலை’ செயலியில் படத்தோடு புகார் தரலாம். சாலையை உரிய தரத்தில் போடாததால், பராமரிக்காததால் மரணமோ ஊனமோ நேர்ந்தால் ஒப்பந்ததாரருக்கும் பொறுப்பான அமைப்புக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று 198ஏ சொல்கிறது. இந்தப் பிரிவு எஃப்.ஐ.ஆர்.களில் எட்டிப்பார்ப்பதே அபூர்வம். ஓட்டுநர் மேல் எழுதுவது சுலபம், இன்னொரு துறை மேல் எழுதுவது கஷ்டம். தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 500 மீட்டர் நீளத்துக்குள் மூன்று வருடத்தில் மரணமோ கொடுங்காயமோ நேர்ந்த ஐந்து விபத்துகள், அல்லது பத்து மரணங்கள் நடந்திருந்தால் அது ‘பிளாக் ஸ்பாட்’. அந்தக் கணக்குக்கு மூலமே ஸ்டேஷனில் எழுதிய கிலோமீட்டர் எண்தான். அது தவறினால் ஆபத்தான இடம் பட்டியலுக்கே வராது.

படி 7: எஃப்.ஐ.ஆரும் அதன் பிறகான நாட்களும்

மருத்துவமனைக்குப் போனதும் அங்கே விபத்துப் பதிவேட்டில் எழுதி, ஸ்டேஷனுக்குத் தகவல் அனுப்புவார்கள். ‘ஏ.ஆர். காப்பி’ என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். அங்கே “யார் மோதியது, எப்படி” என்று டாக்டர் கேட்கும்போது பதற்றத்தில் “கீழே விழுந்துட்டார்” என்று சொல்லிவிடாதீர்கள். பிறகு இன்சூரன்ஸ் வக்கீல் அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டே மூன்று வருடம் வாதாடுவார்.

காயம் என்றால் நியாய சன்ஹிதாவின் 281, 125. மரணம் என்றால் 106-ன் முதல் உட்பிரிவு, ஐந்து வருடம் வரை, ஜாமீனில் விடத்தக்கது. மோதிவிட்டுச் சொல்லாமல் ஓடினால் பத்து வருடம் என்ற இரண்டாம் உட்பிரிவு, 2024 தொடக்கத்தில் லாரி ஓட்டுநர்கள் போராடிய பிறகு, மற்றவற்றோடு நடைமுறைக்கு வராமல் நிறுத்திவைக்கப்பட்டது. ஓடிப்போன வண்டி யாருடையது என்றே தெரியாவிட்டால் மரணத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் அரசுத் திட்டத்தில் கிடைக்கும், 2022 ஏப்ரல் முதல். இதற்கு விண்ணப்பிக்கலாம் என்றே பலருக்குத் தெரியாது.

புகார் வந்தது என்று மட்டும் சொல்லும் சி.எஸ்.ஆர். ரசீதைக் கொடுத்து அனுப்பினால் அதோடு திருப்திப்படாதீர்கள். ஆள் அடிபட்ட விபத்துக்கு எஃப்.ஐ.ஆர். வேண்டும், அதன் நகல் புகார் கொடுத்தவருக்கு இலவசம்.

அங்கிருந்து அடுத்தடுத்த கெடுக்கள், 2022 ஏப்ரல் முதல் இருக்கும் விதிகளின்படி: 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கை விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கும் இன்சூரன்சுக்கும். பத்து நாளுக்குள் பாதிக்கப்பட்டவரின் உரிமைகளைச் சொல்லும் படிவம் அவர் கையில். ஓட்டுநர், உரிமையாளர் படிவங்களுக்கு 30 நாள். இடைக்கால அறிக்கைக்கு 50. விரிவான அறிக்கைக்கு 90. இந்த விரிவான அறிக்கையையே இழப்பீட்டு மனுவாகத் தீர்ப்பாயம் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதை நம்பி உட்கார வேண்டாம். தனி மனுவுக்குச் சட்டம் ஆறு மாதம்தான் தருகிறது. பத்தாம் நாள் வர வேண்டிய படிவம் வரவில்லை என்றால் ஒரு கடிதம் எழுதி, ஸ்டேஷனில் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். சண்டை போடுவதைவிட இது வேலை செய்யும்.

ஓட்டியவர் பதினெட்டு வயது நிரம்பாதவர் என்றால் வழக்கு வீட்டுக்குள் வந்துவிடும். 199ஏ பிரிவில் பெற்றோரோ உரிமையாளரோ மூன்று வருடம் வரை சிறைக்கும் 25,000 ரூபாய் அபராதத்துக்கும் ஆளாவார், வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து, பையனுக்கு 25 வயதுவரை உரிமம் கிடையாது. “எனக்குத் தெரியாம எடுத்துட்டுப் போயிட்டான்” என்பதை நிரூபிக்க வேண்டியது நீங்கள்.

கேமரா பிடித்த குற்றத்துக்கு வேறு கடிகாரம்: 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், அதில் படம், இடம், நேரம் இருக்க வேண்டும். கேமராவுக்கு வருடா வருடம் புதுப்பித்த அங்கீகாரச் சான்றும், முன்கூட்டியே எச்சரிக்கைப் பலகையும் தேவை. உங்கள் ஸ்கூட்டர் எண்ணுக்கு ஏதோ ஒரு லாரியின் படத்தோடு சலான் வந்தால் பணம் கட்டிவிடாமல் ஆட்சேபியுங்கள். கட்டினால் ஒப்புக்கொண்டதாகிவிடும்.

படி 8: வண்டியைத் திரும்ப வாங்குவது

விபத்து வண்டியை மோட்டார் வாகன ஆய்வாளர் பார்க்க வேண்டும். நம் ஊரில் அவருக்கு இன்னும் ‘பிரேக் இன்ஸ்பெக்டர்’ என்றுதான் பெயர். அவர் பிரேக், ஸ்டியரிங், டயர் பார்த்து, எந்திரக் கோளாறால் நடந்ததா இல்லையா என்று எழுதுவார். வண்டியை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று உரிமையாளருக்குச் சொல்ல வேண்டும் என்றும், வேலைகள் முடிந்தபின் 24 மணி நேரத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்றும் 136-வது பிரிவு சொல்கிறது. ஸ்டேஷன் சுவரோரம் டயர் இறங்கி, புல் முளைத்து நிற்கும் வண்டிகளைப் பார்த்தால் இந்த வரியை எத்தனை பேர் கேட்டு வாங்கினார்கள் என்று தெரியும். காயமோ மரணமோ நடந்து, வண்டிக்கு இன்சூரன்ஸும் இல்லையென்றால் நீதிமன்றத்தில் பிணை காட்டாமல் கிடைக்காது.

போகும்போது ஆர்.சி., இன்சூரன்ஸ், அடையாள அட்டை, நகல்கள் இரண்டு செட். வாங்குவதற்கு முன் வண்டியைச் சுற்றி ஒரு வீடியோ எடுங்கள், ஓடோமீட்டரையும் சேர்த்து. பேட்டரி, ஸ்டெப்னி, மியூசிக் சிஸ்டம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ‘பெற்றுக்கொண்டேன்’ என்ற இடத்தில் கையெழுத்துக்குப் பக்கத்தில் தேதியோடு நேரத்தையும் எழுதுங்கள்.